உயிரணுவில் அணு எங்கே?

'செல்' என்று எழுதுபவர் தமிழ்ப்பற்று அற்றவர், 'உயிரணு' என்று எழுதுபவரே தமிழர் என்றொரு தீர்ப்பு நம்மிடையே உலவுகிறது. தமிழ் கற்பிப்பவன் என்ற முறையிலேயே இதை மறுக்கிறேன்.

அணு என்ற சொல்லை இயற்பியலுக்கு என்றோ கொடுத்துவிட்டோம். ஒரு மனித உயிரணுவுக்குள் பல லட்சம் கோடி அணுக்கள் உள்ளன. அணுவுக்குள் அணுவா என்று மாணவன் கேட்டால் என்ன சொல்வது? மரபணுவும் அணு அன்று, அது டி.என்.ஏ. இழையின் ஒரு பகுதி.

ராபர்ட் ஹூக் 1665இல் வெளியிட்ட நூலில் விவரித்தவை, தக்கைச் சீவலில் நுண்ணோக்கி வழியே அவர் கண்ட உயிரற்ற வெற்றறைகள். அவற்றுக்குத்தான் சிற்றறை என்னும் பொருளில் 'செல்' என்று பெயரிட்டார். உயிரும் இல்லை, அணுவும் இல்லை! ஈழத்துப் பாடநூல்கள் அதைக் 'கலம்' என்கின்றன. கொள்கலம், மரக்கலம் என நமக்குப் பழகிய சொல். ஒன்றை உள்ளடக்கியிருப்பது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. 'டிஷ்யூ' அங்கே 'இழையம்'. அந்த ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரும் நெய்தலைக் குறிப்பதே. நாமோ அதைத் 'திசு' என்று ஒலிபெயர்த்துவிட்டுத் தமிழென்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

கலைச்சொல் ஆக்கப் புறப்படும் நண்பர்கள் முதலில் யாழ்ப்பாணத்து மாணவனின் உயிரியல் நூலைப் புரட்டட்டும். 'கலம்' இக்கரை சேரும்வரை என் வகுப்பில் 'செல்'தான்.