கொய்யா இலையின் அடியில்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் நிற்கும் கொய்யா மரத்தை வெட்டிவிட வேண்டுமென்று அயலவர் சிலர் முடிவு செய்திருக்கின்றனர். இலைகளிற் கரி படிந்துவிட்டதாம், மரத்துக்கு நோயாம். நான் உடன்படவில்லை. கரியைக் கண்டவர்கள் இலையைப் புரட்டிப் பார்க்கவில்லை என்பதே என் முறைப்பாடு.

புரட்டினால், நடுநரம்பை ஒட்டிப் பசிய செதில்கள் படிந்திருக்கும். அவை பூச்சிகள்! ஊசிபோன்ற வாயை இலைக்குள் இறக்கிச் சாறு உறிஞ்சுகின்றன. இவற்றின் சுற்றத்தார் மனை கட்டுவதில் வல்லவர். ஒன்று மெழுகைப் பஞ்சுபோற் சுரந்து போர்த்துக்கொள்ளும். மற்றொன்று தான் கழற்றிய சட்டைகளையே மெழுகோடு சேர்த்துக் கூரையாக்கும். வேறொன்று பிசினாற் கட்டும் கோட்டையே நகைத்தொழிலாளர் உருக்கும் அரக்கு. எங்கள் கொய்யாவில் இருப்பதோ தனிக்கூரை கட்டாத எளிய வகை. முதுகே அதன் கூரை. குஞ்சுகள் தாயின் அடியிலிருந்துதான் ஊர்ந்து வருகின்றன. மிஞ்சிய சாற்றை அது இனிய நீராகச் சொரியும். அதற்காகவே எறும்புகள் காவல் நிற்கின்றன. அந்நீரிலேதான் கரும்பூஞ்சணம் வளர்கிறது. அயலவர் கண்ட நோய் அதுதான். ஈரத்துணியாற் துடைத்தாற் போய்விடும்.

ஆயினும் இப்பூச்சியை அற்பமென்று சொல்லமாட்டேன். இலங்கையின் கோப்பிச் செய்கையை 1869இல் வந்த துருநோய் அழித்தது என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். எஞ்சிய கோப்பியை 1880களில் வாட்டியது இந்தப் பச்சைச் செதிற்பூச்சியே. 1889இல் இதற்கு விஞ்ஞானப் பெயரிட்டவர் கொழும்பிற் பிறந்த எட்வேட் ஏர்னஸ்ட் கிறீன். இலங்கைச் செதிற்பூச்சிகள் பற்றிய அவருடைய நூல் 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. இத்தகைய ஆராய்ச்சி நடந்த நாட்டிலே, இலையைப் புரட்டிப் பாராமற் கோடரியைத் தேடுவது நியாயமா?

நஞ்சு தெளிப்போம் என்பாரும் உளர். கூரைக்கடியில் இருப்பது தப்பும். அதை உண்ணும் பொறிவண்டும், அதனுள் முட்டையிடும் சிறு குளவியும் மாளும். 2008இல் பப்பாசியைத் தாக்கிய வெண்மூட்டுப்பூச்சியை இத்தீவில் அடக்கியது, மறு ஆண்டு புவேட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட அத்தகைய குளவியன்றோ? பள்ளி ஆசிரியர்கள் மாணவர் கையில் ஒரு கைவில்லையைக் கொடுத்து இம்மரத்தடிக்கு அழைத்து வரலாம். அரைமணி நேரம் போதும்.

அயலவரிடம் ஒரு மாதத் தவணை கேட்டிருக்கிறேன். இலைகளின் அடிப்புறத்துக்குச் சவர்க்கார நீர் அடித்தாயிற்று. அடிமரத்திற் கிறீஸ் பூசிய துணியொன்றைச் சுற்றியிருக்கிறேன். எறும்புகள் அதன் கீழே வழி தேடிக்கொண்டிருக்கின்றன.