டோனி யாருக்கு? ஜட்ஜைப் படிங்க பாஸ்!

'டோனி'ன்னதும் ஹெலிகாப்டர் ஷாட் ஞாபகம் வந்து விசிலடிக்க ரெடியாகிட்டீங்களா? கொஞ்சம் பொறுங்க, இது வேற டோனி. நியூயார்க் பிராட்வே மேடைக்கு வருஷா வருஷம் கொடுக்கிற விருது. சினிமாவுக்கு ஆஸ்கர்னா, நாடகத்துக்கு டோனி. நடிகையாகவும் இயக்குநராகவும் கலக்கி, 1946-ல் மறைந்த ஆன்ட்டனெட் பெர்ரியோட செல்லப் பேர்தான் 'டோனி'. அவர் நினைவா 1947-ல் ஆரம்பிச்சாங்க.

'அமெரிக்காவுல யாரோ கப்பு வாங்குறதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?'னுதானே கேட்கறீங்க? சொல்றேன். காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல உசிரைக் கொடுத்து ஸ்கிட் போட்டுட்டு, பக்கத்துக் காலேஜ் பசங்க ப்ரைஸைத் தட்டிட்டுப் போறதைப் பார்த்து நொந்திருப்பீங்கல்ல? 'ஜட்ஜுக்குக் கண்ணே தெரியலை மச்சி'ன்னு கேன்டீன்ல புலம்பியிருப்பீங்கல்ல? அந்தப் புலம்பலுக்கு மருந்து இந்த விளையாட்டுல இருக்கு. டோனியை ஜெயிக்கப்போறது யாருன்னு கணிக்கிற விளையாட்டு!

ஆடுகளம்

முதல்ல ரூல்ஸ். பிராட்வே தியேட்டர்கள் மொத்தம் 41. சுமாரா 500 சீட்டும் அதுக்கு மேலயும் உள்ள அரங்குகள். ஒரு சீஸன்ல அங்கே ஏறுகிற நாடகங்களும் மியூஸிக்கல்களும்தான் ரேஸ் குதிரைகள். மியூஸிக்கல்னா பாட்டு, டான்ஸ், வசனம் மூணும் கலந்த மேடைக் கதை. ஏப்ரல் கடைசியில கதவைச் சாத்திடுவாங்க. அதை ஒட்டியே நாமினேஷன். ஜூன் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரிசல்ட். நமக்கு அது திங்கள்கிழமை விடியற்காலை.

'நாடகத்தைப் பார்க்காமலே எப்படிக் கணிக்கிறது? கிளி ஜோசியமா?' இல்லை. இன்னும் சொல்லப்போனா, பார்க்காதது ஒரு வசதி. பார்த்தவனுக்கு ஒரு ஃபேவரைட் இருக்கும். ஃபேவரைட் வந்துட்டா கணக்கு உதைக்கும். 'இது ஜெயிக்கணும்'ங்கிறது வேற, 'இது ஜெயிக்கும்'ங்கிறது வேற. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் இந்த வார மேட்டர்.

பொம்மை சாய்ச்ச பூதம்

2004-ம் வருஷத்துக்கு வாங்க. ஒரு பக்கம் 'விக்கெட்'. ஆஸ் நாட்டுச் சூனியக்காரிகளோட முன்கதை. பிராட்வேயிலேயே பெரிய அரங்கமான கெர்ஷ்வின் தியேட்டர், பிரமாண்ட செட், பறக்கிற ஹீரோயின்னு பட்டையைக் கிளப்பினது. இன்னொரு பக்கம் 'அவென்யூ க்யூ'. சுமார் 800 சீட் உள்ள கோல்டன் தியேட்டர்ல, கையில மாட்டின பொம்மைகளை வெச்சு ஆடின சின்ன ஷோ. ஹீரோ பி.ஏ. இங்கிலீஷ் முடிச்சுட்டு, அடுத்து என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கிற பையன். (யாருக்கோ சுருக்குன்னு இருக்குமே!)

டிராமா டெஸ்க் விருது, அவுட்டர் க்ரிட்டிக்ஸ் சர்க்கிள் விருதுன்னு டோனிக்கு முன்னாடி வந்த முக்கியமான ரெண்டையும் 'விக்கெட்' அள்ளியாச்சு. கணிப்பு மன்னர்கள் எல்லாம் அது பக்கம். டோனி ராத்திரி என்ன ஆச்சு? சிறந்த மியூஸிக்கல், சிறந்த கதை-வசனம், சிறந்த பாடல்-இசை... மூணு பெரிய விருதும் பொம்மைகளுக்கு! 'விக்கெட்'டுக்குக் கிடைச்சது சிறந்த நடிகை, செட், காஸ்ட்யூம்னு மூணு.

ஏன்? 'அவென்யூ க்யூ' ஆளுங்க தேர்தல் பிரசாரம் மாதிரியே கேம்பெயின் நடத்தினாங்க. 'மனசுக்குப் பிடிச்சதுக்கு ஓட்டுப் போடுங்க'ங்கிறதுதான் அவங்க கோஷம். மேடையில இருக்கிறதை மட்டும் நம்பாம, ஓட்டுச்சீட்டு யார் கையில இருக்குன்னு யோசிச்சிருக்காங்க பாருங்க, அங்கேதான் நிக்கிறாங்க!

இதே சீஸன்ல நம்ம ஏ.ஆர்.ரஹ்மானும் இருந்தார். லண்டன்ல 2002-ல் ஆரம்பிச்ச 'பாம்பே ட்ரீம்ஸ்', 2004 ஏப்ரல் 29 அன்று பிராட்வே ஏறினது. நடனம், காஸ்ட்யூம், இசைக் கோப்புன்னு மூணு நாமினேஷன். சிறந்த மியூஸிக்கல் லிஸ்ட்லயும் இல்லை, ரஹ்மானுக்குச் சேர வேண்டிய சிறந்த பாடல்-இசை லிஸ்ட்லயும் இல்லை. கையில கிடைச்ச விருது பூஜ்யம். 2005 ஜனவரி 1-ம் தேதியோட ஷோவும் முடிஞ்சுபோச்சு. நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் அன்னிக்கு டோனி கணிச்சிருந்தா, ரஹ்மான் மேல கண்ணை மூடிட்டு டிக் அடிச்சிருப்பான். பிடிச்சதுக்கும் ஜெயிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் இப்போ புரியுதா?

ஓட்டு யார் கையில?

டோனிக்கு ஓட்டுப் போடறவங்க 800-க்கும் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான்! நம்ம ஊர்ல ஒரு சின்ன காலேஜ் யூனியன் எலெக்‌ஷனைவிடக் கம்மி. டிக்கெட் வாங்கிப் பார்க்கிற லட்சக்கணக்கான ஜனங்களுக்கு ஓட்டே கிடையாது.

அந்த 800 பேரும் நாடகத் தொழில்ல புழங்குறவங்க. தயாரிப்பாளர்கள், தியேட்டர் முதலாளிகள், நடிகர்கள், எழுத்தாளர்கள், இயக்குநர்கள், டிசைனர்கள், கொஞ்சம் விமர்சகர்கள். இதுல ஒரு கோஷ்டியைத் தனியா வட்டம் போட்டு வெச்சுக்குங்க. வெளியூர் தியேட்டர்காரங்க! பிராட்வேயில ஓடின ஷோவை அமெரிக்கா முழுக்க டூர் கொண்டுபோறப்ப, அதை வரவழைச்சு நடத்தறவங்க. 'இது நம்ம ஊர்ல போணியாகுமா?'ங்கிற கணக்கும் அவங்க மனசுல ஓடும்.

'அவென்யூ க்யூ'வுக்கு ஓட்டுப் போட்டதுல இவங்களும் உண்டு. ஆனா, ஜெயிச்ச கையோட அந்தத் தயாரிப்பாளர்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? டூர் வராம, லாஸ் வேகாஸ்ல தனி ஷோ போடப்போறோம்னு சொல்லிட்டாங்க. வெளியூர்க்காரங்களுக்குச் செம அல்வா! கடைசியில 2005-ல் தொடங்கின வேகாஸ் ஷோ 2006-லேயே மூடி, 2007-ல்தான் டூர் கிளம்பினது.

இன்னொரு விஷயம். ஆஸ்கர் சிறந்த படத்துக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசைப்படுத்தி ஓட்டுப் போடணும். டோனியில அதெல்லாம் இல்லை. ஒரு டிக், யாருக்கு அதிகமோ அவங்க வின்னர். ஸோ, ஒரே மாதிரியான ரெண்டு பெரிய ஷோ மோதிக்கிட்டா ஓட்டு பிரியும். நடுவுல மூணாவது ஆள் கோல் அடிச்சிடலாம். நம்ம ஊர்த் தொகுதிக் கணக்கு தெரிஞ்சவங்களுக்கு இதை விளக்கணுமா என்ன?

மூணு பொறி, மாட்டிக்காதீங்க!

பொறி 1: நாமினேஷன் எண்ணிக்கை. 'பன்னிரண்டு நாமினேஷனா? அப்ப அதுக்குத்தான்!'னு குதிக்காதீங்க. 2018-ல் 'மீன் கேர்ள்ஸ்' 12 நாமினேஷன் வாங்கி, ஒரு விருதுகூட இல்லாம வீட்டுக்குப் போனது. 11 வாங்கின 'தி பேண்ட்'ஸ் விசிட்' பத்தைத் தூக்கிட்டுப் போச்சு. 2023-ல் 13 நாமினேஷனோட நின்ன 'சம் லைக் இட் ஹாட்'டை, எட்டே நாமினேஷன் வாங்கின 'கிம்பர்லி அகிம்போ' சாய்ச்சுது. நாமினேஷனுக்குப் பேரைத் தேர்ந்தெடுக்கிறது தனிக் கமிட்டி. ஜெயிக்க வைக்கிறது அந்த 800 பேர். ரெண்டும் வேற வேற கூட்டம்.

பொறி 2: லண்டன் புகழ். அங்கே ஒலிவியர் விருது வாங்கினா இங்கே டோனி கேரன்டின்னு நினைச்சா தப்பு. நம்ம பாண்டிச்சேரிப் பையனோட கதையான 'லைஃப் ஆஃப் பை' நாடகத்துல நடிச்ச ஹிரான் அபேசேகர, இலங்கையில பிறந்தவர். 2022-ல் சிறந்த நடிகருக்கான ஒலிவியர் அவருக்குத்தான். 2023 டோனியில அவர் பேர் நாமினேஷன்லயே இல்லை! செட், லைட்டிங், சவுண்டுன்னு மூணு டோனி அந்த நாடகத்துக்குக் கிடைச்சது. 2012-ல் ஏழு ஒலிவியர் அள்ளின 'மெடில்டா'வும் அப்படித்தான். 2013 டோனியில சிறந்த மியூஸிக்கலை 'கிங்க்கி பூட்ஸ்'கிட்ட பறிகொடுத்தது.

பொறி 3: பெரிய பேர். ஆறு டோனி வாங்கினவர் ஆட்ரா மெக்டொனால்டு. 2025-ல் 'ஜிப்ஸி'க்காக ஏழாவது நிச்சயம்னு பல பேர் சத்தியம் பண்ணாங்க. வாங்கினவர் 'சன்செட் பவுல்வர்டு' நிகோல் ஷெர்ஸிங்கர். (இவர் லண்டன்ல ஒலிவியரும் வாங்கினவர். பொறி ரெண்டுக்கே ஒரு விதிவிலக்கு! அதனாலதான் இது விளையாட்டு, கணக்குப் பாடம் இல்லை.) அதே ராத்திரி சிறந்த மியூஸிக்கல் 'மேபி ஹேப்பி எண்டிங்'. தென்கொரியாவுல 2016-லேயே மேடையேறின ரெண்டு ரோபோக்களோட காதல் கதை. பிரபலமான படம் எதையும் தழுவாத, சின்ன டீம் ஷோ. ஆறு டோனி!

சரி, சின்ன ஷோன்னா எப்பவும் ஜெயிச்சிடுமா? அதுவும் இல்லை. 2001-ல் 'தி புரொட்யூஸர்ஸ்' 12 விருது வாங்கிச் சாதனை படைச்சது. 2016-ல் 'ஹாமில்டன்' 16 நாமினேஷன் வாங்கி, 11-ஐ அள்ளினது. சுனாமி வர்ற வருஷம் எந்தக் கணிப்பும் தேவையில்லை. போட்டி டைட்டா இருக்கிற வருஷம்தான் ஓட்டுப் போடறவங்க மனசு வெளியே தெரியும்.

கொசுறா ஒரு காமெடி. கொரோனாவால தள்ளிப்போன 2020 டோனியில, சிறந்த மியூஸிக்கல் நடிகர் பிரிவுல இருந்தது ஒரே ஒரு பேர். ஆரன் ட்வீட். 'அப்ப அன்னப்போஸ்ட்தானே'ங்கறீங்களா? அதுதான் இல்லை. ஓட்டுப் போடறவங்கள்ல 60 சதவிகிதம் பேர் 'சரி'ன்னு சொன்னாத்தான் விருது. 2021 செப்டம்பர்ல ரிசல்ட் வந்தது, ஜெயிச்சார். தனியா ஓடினாலும் தோற்க வாய்ப்பு உள்ள ரேஸ் இது ஒண்ணுதான்!

தோத்தவன் கதை

இவ்வளவு சொன்னது எதுக்கு? 1976-க்கு வாங்க. 'எ கோரஸ் லைன்' ஒன்பது டோனியைச் சுருட்டினது. அதே வருஷம் 'சிகாகோ' 11 நாமினேஷன் வாங்கி, முட்டை! அடுத்த வருஷமே ஷோவை மூடிட்டாங்க. அந்த ராத்திரி அந்த டீம் எப்படி வீட்டுக்குப் போயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

இருபது வருஷம் ஓடினது. 1996-ல் அதே 'சிகாகோ'வைத் திரும்ப மேடையேத்தினாங்க. 1997-ல் சிறந்த மறுதயாரிப்பு உட்பட ஆறு டோனி. 2002-ல் படமா வந்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும் தட்டினது. பத்தாயிரம் காட்சிகளைத் தாண்டி ஓடி, பிராட்வே வரலாற்றிலேயே அதிக நாள் ஓடிய அமெரிக்க மியூஸிக்கல்னு பேர் வாங்கினது. கதை அதே கதை, பாட்டு அதே பாட்டு. மாறினது என்ன? எதிர்ல உட்கார்ந்து பார்த்தவங்களும், அவங்க வாழ்ந்த காலமும்!

2004-ல் தோத்த 'விக்கெட்'டும் இருபது வருஷம் தாண்டி ஓடிக்கிட்டே இருந்தது. ஜெயிச்சதும் நல்ல ஷோ, தோத்ததும் நல்ல ஷோ. ஒரு விருது சொல்றது, அன்னிக்கு அந்த அறையில இருந்தவங்க யாரு, அவங்களுக்கு எது முக்கியமா இருந்ததுங்கிறதை மட்டும்தான். அது ஜட்ஜோட போட்டோ, உங்க எக்ஸ்ரே இல்லை!

கல்ச்சுரல்ஸ் மேட்டர் இங்கேதான் வருது. ப்ரைஸ்தான் லட்சியம்னா, ஜட்ஜ் யாருன்னு முன்னாடியே விசாரிங்க. அவங்க சினிமாக்காரரா, நவீன நாடகக்காரரா, தமிழ் புரொஃபஸரா? அதுக்கேத்த மாதிரி ஸ்கிட் போடுங்க, தப்பே இல்லை. மனசுல இருக்கிறதைச் சொல்றதுதான் லட்சியம்னா, சொல்லிட்டு நிம்மதியா டீ குடிக்கப் போங்க. ரெண்டையும் குழப்பிக்கிட்டு, ப்ரைஸ் வரலைன்னு ஸ்க்ரிப்ட்டைக் கிழிச்சுப் போடறதுதான் தப்பு. கிழிச்சது உங்க 'சிகாகோ'வா இருந்துட்டா?

அடுத்த நாமினேஷன் லிஸ்ட் வந்ததும் ஒரு பேப்பரை எடுங்க. நடுவுல கோடு. இடது பக்கம் 'எனக்குப் பிடிச்சது'. வலது பக்கம் 'ஜெயிக்கப்போறது'. பாட்டைக் கேளுங்க, விமர்சனத்தைப் படிங்க, ரெண்டு பக்கத்தையும் நிரப்புங்க. ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருந்தா, நீங்க உங்களையே ஏமாத்திக்கிறீங்கன்னு அர்த்தம். திங்கள்கிழமை விடியற்காலை ரிசல்ட் வந்ததும் வலது பக்கத்துக்கு மட்டும் மார்க் போடுங்க.

இடது பக்கத்துக்கு மார்க் போடற உரிமை அந்த 800 பேருக்கு இல்லை. அது உங்க ஏரியா பாஸ்!