வழிச்செலவும் வழிகாட்டலும்

மக்கள் ஓரிடத்தே தங்கி வாழ்தலோடு அமையாது, பிற இடங்களையும் கண்டு வர விழைதல் இயற்கை. அவ்விழைவை நிறைவேற்றிக் கொள்ளுதற்குரிய வாய்ப்புகளும் இந்நாளில் மிகப் பெருகியுள்ளன. ஆயினும் வழிச்செல்வோர்க்கென எழுதப்படும் குறிப்புகளை உற்று நோக்குவார்க்கு ஒரு குறை புலனாகாமற் போகாது. அவற்றுட் பல, நல்ல உடல்வலியும் நிறைந்த பொருளும் நீண்ட விடுமுறையும் உடைய இளைஞர் ஒருவரையே தம் முன் நிறுத்திக்கொண்டு பேசுகின்றன. முதியோர், கைக்குழந்தையுடைய தாய்மார், கால் வலியிழந்தோர், கண்ணொளி இழந்தோர், தனித்துச் செல்லும் பெண்டிர், வாரத்தில் ஒரு நாளே ஓய்வு பெறும் தொழிலாளர், கையிற் காசு குறைந்த மாணவர் ஆகிய இவரெல்லாம் வழிச்செல்வோர் அல்லரோ? இவர்க்குரிய வழியை யார் கூறுவார்? புகழ்பெற்ற இடமொன்றை எடுத்துக்கொண்டு அதற்கு ஏற்ற ஆளைத் தேடுதல் முறையன்று. ஆளுக்கேற்ப இடத்தையும் காலத்தையும் நெறியையும் தெரிந்து கூறுதலே முறை என்பது நம் கருத்து. அதனை, நம் கல்லூரிக்கு அணித்தாகிய சிங்கப்பெருமாள் கோவிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

இக்கருத்துப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தவை. ஆறு என்பது வழி. அவ்வழியிற் சென்று பயன்பெற்றான் ஒருவன், இனிச் செல்வானுக்கு அதனைக் கூறுதலே ஆற்றுப்படையின் இலக்கணம். ஆண்டு வழி கேட்பார் எல்லாரும் ஒரு தன்மையரல்லர். பொருநனுக்கு ஒரு பாட்டு, பாணருக்கு இரண்டு, கூத்தருக்கு ஒன்று, முருகனடியை நாடுவார்க்கு ஒன்று. இவற்றுள் பெரும்பாணாற்றுப்படை, இத்தொண்டைநாட்டுக் காஞ்சிக்கே வழிகூறுவது. இடைவழியில் எவ்வெவர் குடியில் எவ்வெவ்வுணவு கிடைக்கும் என்பதையும் அது சொல்லிச் செல்கின்றது. மலைபடுகடாமோ இன்னும் நுட்பமானது. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ளமையால் விடிந்த பின்னர்ச் செல்லுக. யானையை ஓட்டக் கவணெறிவார் உளராகலின் மரத்தின் பின் மறைந்து செல்லுக. வழுக்கும் கரையிற் கொடியைப் பற்றிக்கொண்டு செல்லுக என்று, சுற்றத்தோடும் இசைக்கருவிகளோடும் நடந்து செல்லும் கூத்தரை மனத்திற் கொண்டே பெருங்கௌசிகனார் பாடினார். வழிகேட்பவர் யார் என்பதை அறிந்து வழிகூறுதல் தமிழர்க்குப் பழைய அறம் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இடங்களைப் பற்றிச் சிறிது கூறுவாம். விடுமுறை வந்ததும் நம் மாணவர் உதகைக்கும் கோடைக்கானலுக்குமே விரைகின்றனர். அம்மலைகளின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆயின், ஊர்திகளின் நெருக்கம் மிகுந்தமையால், உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் அவ்விரண்டிற்கும் செல்லும் வண்டிகள் இ-பாஸ் பெறவேண்டியதாயிற்று. யாவரும் ஒரே இடத்தை நாடுவாராயின், அவ்விடத்திற்கும் கேடு. நாடிச் சென்றார்க்கும் நெரிசலே மிச்சம். அணித்தே உள்ளதை அறியாது சேய்மையிலுள்ளதற்கு ஏங்குதல், வீட்டுக் கிணற்றை மூடிவைத்துவிட்டு ஊர்க் குளத்திற்குக் குடம் சுமத்தலை ஒக்கும்.

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் ஏறுவோர், மறைமலைநகரைக் கடந்து பரனூருக்கு முன்னர் இறங்கவேண்டிய நிலையம் சிங்கப்பெருமாள் கோவில். வழியிலுள்ள மறைமலைநகரே நினைக்கத்தக்கதொரு பெயர். 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்து, பின்னர்ப் பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகளின் பெயரை அந்நகர் தாங்கி நிற்கின்றது. சிங்கப்பெருமாள் கோவில் என்பது கோயிலின் பெயரே ஊரின் பெயராயது. பாடலாத்ரி எனப்படும் சிறு குன்றைக் குடைந்து பல்லவர் காலத்தில் அமைத்த கோயில் அது. நரசிம்மர் ஆண்டு முக்கண்ணராய் வீற்றிருக்கின்றார்; தீபாராதனையின்போது அர்ச்சகர் திருமண்காப்பை விலக்கி நெற்றிக்கண்ணைக் காட்டுவது வழக்கம். திருவுருவம் குன்றோடு ஒன்றியதாகலின், கருவறையை வலம்வர விரும்புவோர் குன்றையே வலம்வருதல் வேண்டும்.

இவ்வொரு செய்தியையே எடுத்துக்கொள்வோம். நல்ல காலுடைய இளைஞர்க்கு இஃது ஓர் இன்பமான சிறு நடை. எழுபது வயது நிரம்பிய பாட்டியார்க்கோ, வெறுங்காலோடு பாறைமேல் நடத்தல் எத்துணைத் துன்பம்! சித்திரை வைகாசி வெயிலில் கல் எவ்வாறு கொதிக்கும் என்பதை நாம் கூறவேண்டா. ஆகவே, முதியோரை அழைத்துச் செல்வார் மார்கழி தை மாதங்களை நாடுக. காலைப்பொழுதிலேயே சென்று சேர்க. நம் நாட்டுக் கோயில்கள் பலவும் நண்பகலில் நடை சாத்தி மாலையிலேயே மீண்டுந் திறக்கும். பத்து மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுவார் பூட்டிய கதவைக் கண்டு திரும்புவர். வலம்வர இயலாதார் வாயிலில் நிழலில் அமர்ந்திருக்க, உடன் சென்றார் மட்டும் வலம்வரலாம். எல்லாரும் எல்லாவற்றையும் செய்தே தீரவேண்டும் என்னும் பிடிவாதமே குடும்பச் செலவுகள் பலவற்றைக் கெடுக்கின்றது.

வரலாறு பயில்வார்க்கு இவ்விருப்புப்பாதை முழுவதும் ஒரு நூலாம். பல்லாவரத்தில் 1863-இல் இராபர்ட் புரூஸ் பூட் என்பார் கற்கால மாந்தரின் கருவியொன்றைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்லாய்விற்குப் புதுவழி திறந்தார். செங்கற்பட்டிற்குக் கிழக்கே வல்லத்தில், மகேந்திரவர்மனுக்கு அடங்கிய வயந்தப்பிரியரசரின் மகன் கந்தசேனன் செய்வித்த குடைவரையும் அதனைக் கூறும் பழந்தமிழ்க் கல்வெட்டும் உள்ளன. செங்கற்பட்டுக் கோட்டையை 1752-இல் கிளைவ் கைப்பற்றினார். இன்று இருப்புப்பாதை அக்கோட்டையின் ஊடே செல்கின்றது. இவற்றைக் காண விழையும் மாணவர் ஒரே நாளில் யாவற்றையும் ஓடியோடிப் பார்த்தல் வேண்டா. ஒரு நாளைக்கு ஒரு குடைவரை. கையில் ஒரு குறிப்பேடு. பாறையின் இருளிற் காண ஒரு சிறு விளக்கு. இவை போதும்.

சிறு குழந்தைகளுடன் செல்வார்க்கு வண்டலூரே தக்கது. சென்னையில் 1855-இல் தோன்றிய உயிர்க்காட்சிச்சாலை, இடம் போதாமையால் வண்டலூருக்கு மாற்றப்பெற்று 1985-இல் திறக்கப்பட்டது. 602 ஹெக்டேர் பரப்புடைய அதனை நடந்தே காண முயல்வார் குழந்தையைத் தோளிற் சுமந்து களைப்பர்; உள்ளே ஓடும் பேட்டரி வண்டியைப் பயன்படுத்துதல் நன்று. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை அறியாது சென்று அழும் குழந்தையோடு திரும்பும் பெற்றோர்க்கு, முன்கூட்டி ஒரு சொல் சொல்வார் இருந்தால் எத்துணை உதவி! பறவைகளைக் காண விரும்புவோர் கார்த்திகை முதல் மாசி வரை வேடந்தாங்கல் செல்லலாம். அவ்வூரார் தம் ஏரிப் பறவைகளைச் சுடலாகாது என்று வாதாடி, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் கவுல் பெற்றனர். குழந்தைக்குப் பறவையைக் காட்டுவதோடு இவ்வரலாற்றையும் கூறுக.

நடக்க இயலாதார்க்கு என்ன வழி எனின், ஓடும் ரயிலின் சாளரமும் ஒரு காட்சிச்சாலையே. பரனூரைக் கடந்து செங்கற்பட்டை அணுகுங்கால், கொளவாய் ஏரி கண்ணுக்கெட்டுமளவும் விரிந்து கிடக்கும். மாலைக் கதிர் அந்நீரிற் படியும் தோற்றத்தைக் காண ஓர் அடியும் நடக்க வேண்டுவதில்லை. மாற்றுத்திறனாளிகட்கும் மகளிர்க்கும் மின்சார ரயிலில் தனிப் பெட்டிகள் உண்டு. ஆயின், பெட்டியில் இடம் உண்டு என்றால் மட்டும் போதுமோ? நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையே எத்துணை உயரம், பாதையைக் கடக்கப் படிகள் எத்தனை, சாய்தளம் உண்டா என்பவற்றை அறியாதார் வீட்டிலிருந்து புறப்படவே அஞ்சுவர். அழகிய படங்கள் நூறு அவர்க்கு உதவா. படிக்கட்டின் எண்ணிக்கை ஒன்றே உதவும்.

தனித்துச் செல்லும் பெண்டிர், திரும்பும் ரயிலின் நேரத்தை முதலில் அறிந்து, பின்னரே செல்லும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுக. இருட்டுவதற்கு முன் நிலையத்தை அடையுமாறு நாளை வகுத்துக்கொள்ளுதல் நன்று. இவ்வெச்சரிக்கை வேண்டப்படுவது பெண்டிரின் குறையன்று. விளக்கில்லாத தெருக்களின் குறை, அத்தெருக்களில் நிற்கும் சிலரின் குறை. அவை தீரும்வரை மகளிர் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்பாரோடு நாம் உடன்படோம். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் நீக்கப்பட்டபோது, பிறரிடம் காசு கேளாமலே வீட்டை விட்டுப் புறப்படும் உரிமை பலர்க்கு வாய்த்தது. வழிச்செலவு என்பது ஓய்வின்பம் மட்டுமன்று; தன் விருப்பப்படி ஓரிடத்திற்குச் சென்று திரும்பும் உரிமையுமாம்.

செலவு என்னும் சொல் பயணத்தையும் பொருள் கழிதலையும் ஒருங்கே குறிக்கின்றது. எனினும் இரண்டும் ஒன்றாதல் வேண்டும் என்பதில்லை. மின்சார ரயிலின் டிக்கெட்டும், ஒரு கட்டுச்சோறும், ஒரு குப்பித் தண்ணீரும் கொண்டு, தொழிலாளி ஒருவர் தம் ஓய்வுநாளில் மனைவி மக்களோடு இப்பக்கத்தைக் கண்டு வரலாம். கட்டுச்சோறு என்றதும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகிலுள்ள திருக்கச்சூர் நினைவிற்கு வருகின்றது. சுந்தரர் ஆண்டுச் சென்று வழிபட்டபின், உணவு கொண்டுவரும் பரிசனத்தார் வந்து சேராமையாற் பசித்து அமர்ந்திருந்தார் என்றும், இறைவன் அந்தணராய் வந்து, உச்சிவெயிலில் வீடுதோறும் இரந்து சோறு கொணர்ந்து அளித்தான் என்றும் பெரியபுராணம் கூறும். அத்தகைய பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. நம் போன்றார் சோற்றைக் கையோடு கொண்டு செல்லுதலே அறிவுடைமை. அவ்வரலாற்றில் நாம் கொள்ளத்தக்க மற்றொன்றும் உண்டு. பசித்து வந்த வழிப்போக்கரைக் கண்டு, அவர் கேளாமுன்னரே அவர்க்கு வேண்டுவது யாது என உணர்ந்து செய்தலே விருந்தோம்பல். வழிகாட்டலும் அதன்பாற்பட்டதே.

இக்காலத்தில் கைப்பேசியே வழிகாட்டுமே, பிறர் கூறுவது எதற்கு என்று வினவுவார் உளர். கைப்பேசி தொலைவைக் கூறும், திருப்பங்களைக் கூறும். ஆயின், அது கேட்பவர் யார் என்பதைக் கருதுவதில்லை. பாறை சுடும் என்றும், இவ்விடத்தே தாய் ஒருத்தி குழந்தைக்குப் பால்கொடுக்க மறைவான இடம் உண்டென்றும், இக்கழிப்பறை பூட்டிக் கிடக்குமென்றும், நேரிற் சென்று வந்தாரே உணர்ந்து கூறவல்லார். 2023 டிசம்பரில் திறக்கப்பெற்ற கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சோடு இறங்கி, எப்பக்கம் செல்வது எனத் திகைத்து நிற்கும் முதியவர்க்குப் படத்தினும் ஒரு மனிதரின் சொல்லே பயன்படும்.

வழிச்செல்வார்க்கும் ஒரு கடமை உண்டு. பல நூற்றாண்டு நின்ற குடைவரைச் சுவரில் தம் பெயரைக் கீறி வருவார், தமக்குப் பின் வருவார்க்கு வெட்கத்தையே விட்டுச் செல்கின்றனர். ஏரிக்கரையில் பிளாஸ்டிக் உறைகளை எறிவாரும் அத்தகையரே. பறவைக்காக வாதாடிய வேடந்தாங்கல் மக்களின் நாட்டில் நாம் இதனினும் நன்றாக ஒழுகுதல் வேண்டும்.

ஆகவே, நம் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். ஆண்டுதோறும் ஒவ்வொரு வகுப்பாரும், தாம்பரத்திற்கும் செங்கற்பட்டிற்கும் இடையே ஓர் ஊரைத் தெரிந்துகொள்ளுக. அவ்வூருக்கு, வகுப்பில் நடக்க இயலாத தோழர் இருப்பின் அவரையும், வீட்டிலுள்ள பாட்டியாரையும் உடன்கொண்டு செல்லுக. படிகளை எண்ணுக, நிழலையும் குடிநீரையும் கழிப்பறையையும் குறித்துக்கொள்க, நடை திறக்கும் நேரத்தையும் திரும்பும் ரயிலின் நேரத்தையும் எழுதுக. எழுதியதைக் கல்லூரி நூலகத்தில் வைத்து, ஆண்டுதோறும் திருத்தி வருக. ஓரிடத்திற்கு எழுதப்பட்ட வழிகாட்டி நன்றா தீதா என்பதை, மிகவும் அரிதின் நடப்பவர் அதனைக் கொண்டு சென்று மீள முடிகின்றதா என்பதால் அளந்தறிக. அவர்க்குப் பயன்படுவது ஏனையார் எல்லார்க்கும் பயன்படும். ஏனையார்க்கு மட்டும் எழுதப்பட்டது அவரை வீட்டிலேயே விட்டுச்செல்லும்.

வழிகள் பிரியும் இடத்தை அடைந்தால், அவ்விடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுக, வழியறியாது பின்வருவோர்க்கு அஃது உதவும் என்று மலைபடுகடாம் கூத்தர்க்குக் கூறுகின்றது. நடந்து களைத்த கூத்தரும் குனிந்து புல் முடியக் கடமைப்பட்டவர் எனின், கற்றோராகிய நாம் பின்வருவார் பொருட்டு இரண்டு வரி எழுதி வையாதிருத்தல் தகுமோ?