தூரிகையோடு ஊர் ஊராகப் போன அம்மாள்

"படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?" என்று கேட்காத அப்பா அம்மா நம் பக்கத்தில் குறைவு. பெண் பிள்ளை என்றால் கூடவே இன்னொரு கேள்வியும் வரும். "ஊர் விட்டு ஊர் போய் என்ன செய்யப் போறா?" இரண்டுக்கும் 200 வருஷத்துக்கு முன்பே ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் வாழ்ந்து காட்டிப் பதில் சொல்லிவிட்டார். நம் தர்மபுரிச் சீமையோடு அவருக்கு ஒரு சின்னத் தொடர்பும் உண்டு.

அவர் பெயர் எலிசபெத் விஜே லெ புரூன். 1755-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பாவும் ஓவியர்தான். பன்னிரண்டு வயதில் அப்பா இறந்துபோக, பதினைந்து பதினாறு வயதுக்குள் இந்தப் பெண் மனிதர்களின் உருவப்படம் வரைந்து குடும்பத்துக்குச் சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டார். 1778-ல் ராணி மேரி அன்டோனெட்டை வரையும் வாய்ப்பு வந்தது. 1783-ல் அரசு ஓவியக் கழகத்தில் இடம் கிடைத்தது. அந்தக் கழகத்தில் ஒரே சமயத்தில் நாலு பெண்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி வைத்திருந்தார்கள்.

இப்போது நம் தொடர்புக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமெல்லாம் பாரமகால் என்ற பெயரில் திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகுதான் கம்பெனிக்காரர்கள் கைக்குப் போனது. இங்கிலீஷ்காரர்களை எதிர்க்கப் பிரெஞ்சு ராஜாவிடம் உதவி கேட்டு, திப்பு மூன்று தூதர்களை அனுப்பினார். 1787-ல் புதுச்சேரியில் கப்பலேறி, 1788-ல் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்கள். நம் முப்பாட்டன்மார் வரி கட்டிய அரசின் ஆட்கள் அவர்கள்.

அவர்களை நாடக அரங்கில் பார்த்த இந்த அம்மாளுக்கு வரைய ஆசை வந்துவிட்டது. ராஜாவே கேட்டால்தான் சம்மதிப்போம் என்றார்கள் தூதர்கள். ராஜா வழியாகவே சொல்ல வைத்து, வரைந்து முடித்தார். முகமது தர்வேஷ் கான் என்ற தூதர் இடையில் வாளோடு ஆள் உயரத்துக்கு நிற்கும் படம் அது. முடிந்த படத்தைத் தர்வேஷ் கான் தன் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டாராம். இதற்கு இன்னும் உயிர் வரவில்லை, தரமுடியாது என்றாராம். வேறு வழியில்லாமல் தந்திரமாகத்தான் படத்தை எடுத்துவந்ததாக அம்மாள் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதே படம் 2019-ல் நியூயார்க்கில் 70 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

அடுத்த வருஷமே பிரெஞ்சுப் புரட்சி. ராணிக்கு வேண்டியவர் என்பதே ஆபத்தாகிவிட்டது. 1789 அக்டோபரில், ஜனங்கள் ராஜாவையும் ராணியையும் வெர்சாய் அரண்மனையிலிருந்து பாரிஸுக்கு இழுத்து வந்த நேரத்தில், கூலிக்காரப் பெண் போல உடுத்திக்கொண்டு, சின்ன மகளை அழைத்துக்கொண்டு இந்த அம்மாள் இரவு வண்டியேறினார். ரோம், நேப்பிள்ஸ், வியன்னா, அப்புறம் ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். பன்னிரண்டு வருஷம் இப்படியே. போன ஊரிலெல்லாம் வரைந்தார், சம்பாதித்தார், மகளை வளர்த்தார். 1802-ல்தான் ஊர் திரும்பினார். 1842-ல், 86 வயதில் இறந்தார். அறுநூறுக்கு மேல் உருவப்படங்கள் வரைந்ததாக அவரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

"ராணி தயவு இருந்தது, பிழைத்தாள்" என்று சிலர் சொல்லலாம். ராணியையே 1793-ல் கொன்றுவிட்டார்கள். தயவு போன பிறகும் சோறு போட்டது கைத்தொழில்தான்.

இவர் கதையில் என்னை உறுத்துவது வேறொன்று. சின்ன வயதில் சம்பாதித்ததை அம்மாவின் இரண்டாம் கணவர் வாங்கிக்கொண்டார். கல்யாணம் ஆனபின் கணவர் வாங்கிக்கொண்டார். அவர் சூதாட்டக்காரர். ஐரோப்பாவில் பெயர் பெற்ற ஓவியர், தான் வரைந்த படத்தின் கூலியைத் தன் கையால் எண்ணிப் பார்த்தது நாடு விட்டுப் போன பிறகுதான்.

நம் நாட்டிலும் இப்படி வாழ்ந்தவர் உண்டு. ஹங்கேரியில் பிறந்த எலிசபெத் புருன்னர், 1930-ல் தன் அம்மாவோடு இந்தியா வந்தார். அம்மாவும் ஓவியர். பல ஊர் சுற்றி காந்தி, தாகூர், நேரு என்று பலரையும் வரைந்தார். பத்மஸ்ரீ பெற்றார். 2001-ல் டெல்லியிலேயே கண் மூடினார்.

எங்கோ இருக்கிறவர்கள் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நான் வேலையில் இருந்தபோது, சித்தேரி மலையிலிருந்து வந்து படித்த ஒரு பெண் பிள்ளை சாக்பீஸ் துண்டால் தரையில் முகம் வரைவாள். வாத்தியார் யார் என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம், மூக்கு அப்படியே இருக்கும். பத்தாவது முடித்ததும், சென்னையில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது, கும்பகோணத்திலும் இருக்கிறது, அங்கே சேர்க்கும் வழியைப் பாருங்கள் என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். "பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் எப்படிங்க சார் அனுப்பறது?" என்றார். மூன்று மாதம் கழித்து அவளைத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்பினார்கள். சம்பளம் மாதாமாதம் அப்பா கைக்கு வந்தது.

அந்த அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் அவ்வளவு கஷ்டம். ஆனாலும் தூரம் என்ற காரணம் மட்டும் பொய். படிப்புக்குத் தூரமாகத் தெரிந்த ஊர், சம்பளத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. மலையில் மட்டும் இல்லை, கீழே வசதியாக இருக்கும் நம் வீடுகளிலும் இதே கதைதான்.

இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மகன், மகள் நம் பேச்சை இப்போதும் கொஞ்சம் கேட்கிறார்கள். பேத்தி நோட்டின் பின்பக்கத்தில் முகம் வரைந்தால் திட்டவிடாதீர்கள். நாலு வண்ணப் பென்சில் வாங்கிக் கொடுங்கள். வளர்ந்து வெளியூர் போகவேண்டும் என்றால் அவள் பக்கம் நின்று பேசுங்கள். முதல் சம்பளம் வாங்கினால், அது அவள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கில் விழட்டும்.