நாலு முப்பத்தொண்ணுக்கு நள்ளிரவு!

உப்பளத்து ஊர்க்காரி ஆஜர்! செமஸ்டர் ஜுரம் லேசா இறங்கியிருக்கு. அதனால இந்த வாரம் நோ புலம்பல். ஒரே ஒரு கேள்வி.

புதுப்படத்துக்கு முதல் நாள் முதல் ஷோ கியூல நின்னிருப்பீங்க. ரேஷன் கடையில அம்மா திட்டி அனுப்பி நின்னிருப்பீங்க. ஒரு புத்தகத்துக்காக விடியற்காலையில கியூல நின்னதுண்டா?

'என்னது, புக்குக்கா?'னு சிரிக்கிறவங்க எல்லாம் அப்படியே 2007 ஜூலை 21-க்கு வாங்க. சனிக்கிழமை. ஹாரி பாட்டரோட ஏழாவது, கடைசிப் புத்தகம் ரிலீஸ். லண்டன்ல கடை வாசல்கள்ல ஒரே திருவிழா. கூம்புத் தொப்பி, வட்டக் கண்ணாடி, நெத்தியில மின்னல் தழும்புனு சின்னப் பசங்கள்ல இருந்து தாத்தா வரைக்கும் காத்துக்கிடக்கிறாங்க. ராத்திரி 12.01 ஆனாத்தான் பெட்டியைப் பிரிக்கணும், அதுக்கு முன்னாடி ஒரு பிரதிகூட வெளியே போகக் கூடாதுனு கடைக்காரங்களுக்கு ஸ்ட்ரிக்ட் ஆர்டர். ஒருத்தர் முந்திக்கிட்டு க்ளைமாக்ஸைப் போட்டு உடைச்சிட்டா மத்தவங்க கதி?

அமெரிக்கா தன்னோட நள்ளிரவை எடுத்துக்கிச்சு. நமக்கு லண்டன் கடிகாரம்தான். அங்கே 12.01-னா இங்கே காலை 4.31. அதாவது, நம்ம ஊர் 'நள்ளிரவு ரிலீஸ்' நடந்தது கோழி கூவுற நேரத்துல! சென்னையில லேண்ட்மார்க் மாதிரி கடைகள் விடிஞ்சும் விடியாததுமா ஷட்டரைத் தூக்கினாங்க. கொட்டாவி விட்டபடி அப்பாக்கள், துள்ளிக்கிட்டுப் பசங்க. 607 பக்கம். விலை 975 ரூபாய்.

எனக்கு அப்போ பல் முளைக்கிற வயசு. அதனால, அந்த நேரத்துல முழிச்சிட்டு இருந்த ஒருத்தரைப் பிடிச்சேன். மரக்காணம் உப்பளத்துல வேலை பார்க்கிற எங்க பெரியம்மா.

'ஜூலை மாசம் காலைல நாலரைக்கு எங்க பெரியம்மா இருப்பீங்க?'

'ஜூலைன்னா சீசனாச்சேடி. பாத்தியிலதான் நின்னிருப்பேன். வேற எங்க போறது?'

வெயில் ஏறிட்டா உப்பு மேல பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கண்ணைக் குத்தும். கால் வெந்துபோகும். அதனாலதான் இருட்டோட இறங்கி, முடிஞ்ச வரைக்கும் உப்பை வாரி அம்பாரம் கட்டிட்டுக் கரையேறுறது. ஈ.சி.ஆர்-ல பாண்டிச்சேரிக்குப் பறக்கிறப்ப நீங்க செல்ஃபி எடுக்கிற அந்த வெள்ளை மலை எல்லாம் அப்படி வந்ததுதான் மக்களே!

விஷயத்தைச் சொன்னேன். 975 ரூபாயைக் கேட்டதும் பெரியம்மா வாயில கை வெச்சாங்க. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாங்க பாருங்க...

'சரி, படிச்சு முடிச்சிட்டு அந்தப் புள்ளைங்க அதை யாருக்குக் குடுத்துச்சுங்க?'

பாடப் புத்தகத்தைக்கூட அக்கா, தம்பி, பக்கத்து வீடுனு வரிசையா கை மாத்தி விட்ட தலைமுறை. அவங்களுக்கு அதான் முதல் டவுட்!

கொஞ்சம் தோண்டினா, ஹாரி பாட்டர் கதையும் அங்கேதான் ஆரம்பிக்குது. 1997 ஜூன்ல முதல் பாகம் வந்தப்ப கெட்டி அட்டையில அச்சடிச்சது மொத்தமே 500 பிரதிதான். அதுல 300 நேரா நூலகங்களுக்குப் போயிடுச்சு! யாரும் கியூல நிக்கலை. யாரும் தொப்பி போடலை. பத்தே வருஷத்துல, கடைசிப் பாகம் முதல் 24 மணி நேரத்துல பிரிட்டன், அமெரிக்கா ரெண்டுலேயும் சேர்த்து ஒரு கோடிக்கு மேல வித்துச்சு. நடுவுல 1999-ல மூணாவது பாகம் வந்தப்ப இன்னொரு கூத்து. ஜூலை 8, வேலை நாள். பசங்க ஸ்கூலுக்குக் கட் அடிச்சிடுவாங்கனு பயந்து, பிரிட்டன்ல சாயங்காலம் 3.45-க்குத்தான் விற்பனையை ஆரம்பிச்சாங்க!

எனக்கு ஹாரி கிடைச்சது தமிழ்ல. பி.எஸ்.வி.குமாரசாமி மொழிபெயர்த்த முதல் பாகம், பின் அட்டை கழண்ட நூலகப் பிரதி. எங்க தெருவுல அஞ்சு பேர், ஆளுக்கு மூணு நாள். முதல்ல படிச்சவ மத்த நாலு பேருக்கும் மூச்சு விடக் கூடாதுனு சத்தியம். அவ படிச்ச அந்த மூணு நாளும் நாங்க அவ வீட்டுத் திண்ணையையே சுத்தி வந்தோம். 'டம்பிள்டோர் நல்லவரா, கெட்டவரா... அதை மட்டும் சொல்லுடி!' ம்ஹூம்! லண்டன்ல போட்ட அதே ஆர்டர்தான் பாஸ். என்ன, எங்க தெருவுல செலவு மட்டும் ஜீரோ.

ஒரே கதைக்காக ஒரு கூட்டமே காத்திருக்கிறதுதான் அந்த ராத்திரியோட மேஜிக்னா, அதுக்கு 975 ரூபாயும் தேவையில்லை, லேண்ட்மார்க்கும் தேவையில்லை. ஒரு புக்கும், முடிவைச் சொல்லாத ஒரு ஃப்ரெண்டும் போதும்.

சுதந்திர இந்தியாவிலேயே முதல்ல பொது நூலகத்துக்குச் சட்டம் போட்டது நாமதான், 1948-ல. வீட்டு வரியோட நூலக வரியும் சேர்த்துதான் நம்ம வீட்டுல கட்டுறாங்க. ஆக, அது நாம ஏற்கெனவே காசு கட்டிட்ட கடை! அரசுப் பள்ளிகளுக்கு 2023-ல 'வாசிப்பு இயக்கம்' வந்து நுழை, நட, ஓடு, பறனு நாலு படியில குட்டிக் குட்டிக் கதைப் புத்தகங்கள் தந்திருக்கு. பறக்கிற படியைத் தாண்டின வாண்டு அடுத்து எங்கே போகும்? நம்ம கிளை நூலகத்துக்குத்தானே வரணும்?

ஸோ, இந்த வார அசைன்மென்ட். நாலு ஃப்ரெண்ட்ஸ் ஆளுக்கு அம்பது ரூபா போடுங்க. புதுசா வந்த தமிழ்ச் சிறுவர் கதை ஒண்ணு வாங்குங்க. பிரவுன் பேப்பர்ல சுத்தி, நூலகர்கிட்ட அனுமதி வாங்கி, தெருப் பசங்களைக் கூட்டி ஒரு ரிலீஸ் வைங்க. முதல் அத்தியாயத்தை மட்டும் சத்தமா வாசிங்க. அடுத்து என்னனு வாண்டுங்க கத்துறப்ப டப்புனு மூடி, நூலகர் கையில குடுத்துட்டு எஸ்கேப்!

எங்க ஊர்ல மழை ஆரம்பிச்சு உப்பளம் ஓய்ஞ்சதும் வைக்கப் போறேன். அப்போதான் பெரியம்மாவுக்கும் காலை ஃப்ரீ, மாலை ஃப்ரீ. கூலி இருக்காது, டைம் இருக்கும். பிரவுன் பேப்பரைப் பிரிக்கப் போற சீஃப் கெஸ்ட் அவங்கதான். இன்னும் அவங்ககிட்ட சொல்லலை, நீங்களும் சொல்லிடாதீங்க!

ரிலீஸ் டைம் 4.31 இல்லை, ஸ்கூல் விட்டு வர்ற சாயங்காலம் 3.45. யாரும் கட் அடிக்கக் கூடாதுல்ல?