தேயிலைக்குத் தேனீ தேவையில்லை

வண்ணத்துப்பூச்சிகளையும் தேனீக்களையும் வரவழைக்கும் செடிகளை வீட்டு முற்றத்தில் நடவேண்டும் என்பது அண்மைக்காலத்தில் ஓர் உபதேசமாகவே வளர்ந்துள்ளது. உபதேசத்திற் பிழையில்லை. ஆயின் முற்றம் எல்லோருக்கும் உண்டு என்ற எடுகோளின் மீது அது நிற்கிறது. புசல்லாவையின் மலைச்சரிவுகளில் அவ்வெடுகோள் செல்லுபடியாகாது.

இப்பகுதியில் காட்டை அழித்துத் தோட்டம் அமைத்த வரலாறு கோப்பியோடு தொடங்கியது. டி வேர்ம்ஸ் சகோதரர் 1840களில் நடத்திய தோட்டம் அவர்தம் உறவினரான ரொத்சைல்ட் குடும்பத்தின் பெயரைப் பெற்றது. கோப்பி காய்த்தாலன்றி இலாபம் தராத பயிர். மழைக்குப்பின் ஒருங்கே மலரும் அதன் வெண்பூக்களைத் தேனீக்கள் மொய்க்கும். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தியபின் பரவிய தேயிலையின் பொருளாதாரமோ பூவுக்கே பகையானது. தேயிலைக்கும் வெள்ளிதழும் மஞ்சள் மகரந்தமும் கொண்ட அழகிய பூ உண்டு. அப்பூவுக்கு இடங்கொடாமல், கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் செடியை இடுப்பளவில் நிறுத்திவைப்பதே தோட்டத் தொழில். புதிய கன்றுகளும் பெரும்பாலும் தாய்ச்செடியின் துண்டுகளிலிருந்தே உண்டாக்கப்படுகின்றன. விதை வேண்டாம், ஆகவே பூ வேண்டாம், ஆகவே தேனீயும் வேண்டாம். நிரைகளுக்கிடையே தப்பிப் பூக்கும் சிறுசெடிகளுக்குக் களைநாசினி காத்திருக்கிறது. 2015இல் தடைசெய்யப்பட்ட கிளைபோசேற்று 2018இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது அவ்வனுமதி தேயிலைக்கும் இறப்பருக்குமே வழங்கப்பட்டமை கவனிக்கத்தக்கது.

ஆனால் லயத்தின் பின்புறத்திற் படரும் பூசணிக்குத் தேனீ வேண்டும். அதில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பிசுபிசுத்த அதன் மகரந்தத்தைக் காற்றுச் சுமந்து செல்லாது. தேனீ வராத காலையில் மலர்ந்த பெண்பூவின் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். பாகலுக்கும் மேரக்காய்க்கும் இதே நியதிதான். துரையின் பங்களாவில் பொழுதுபோக்காக இருப்பது தொழிலாளியின் வீட்டில் கறிச்சட்டியின் பிரச்சினையாகிறது. (கொழுந்து பறிப்போரைக் "குளவி" கொட்டியது எனச் செய்தித்தாள்கள் எழுதும் சம்பவங்கள் பலவற்றில் கொட்டியது உயர்ந்த மரங்களிற் கூடு கட்டும் பெருந்தேனீயே. அதற்குரிய பாதுகாப்பு எதனையும் வழங்காது தேனீயை நேசிக்குமாறு அவர்களுக்குப் போதிப்பது இரக்கமற்ற செயல்.)

வண்ணத்துப்பூச்சியின் விடயமோ இன்னும் சிக்கலானது. அழகுப் பூக்களைப் பட்டியலிடுவோர் புழுவை மறந்துவிடுகின்றனர். தேனருந்துவதற்குச் சீனியாவும் கொஸ்மோஸும் போதும். பேராதனைப் பூங்கா வழியாக 1826இல் வந்து நாடெங்கும் பரவிய உண்ணிச்செடியுங்கூடப் போதும். முட்டையிடுவதற்கோ குறித்த சில இலைகளே வேண்டும். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வளரும் புழுக்கள் உள. கறுப்பும் பொன்மஞ்சளும் கலந்த சிறகுகளையுடையதும் இலங்கைக்கே உரியதுமான பெரிய வண்ணத்துப்பூச்சி ஈசுரமூலிக் கொடியை நாடும். கொஸ்மோஸ் ஒரு பருவத்தில் பூத்து முடியும். பழைய தகரத்திலும் வளரும். கறிவேப்பிலை மரமும் அதனருகே படரும் கொடியும் ஆண்டுக்கணக்கில் ஓரிடத்தில் நிற்கவேண்டியவை. நாளை எவரும் வெட்டச் சொல்லமாட்டார் என்ற உறுதியுள்ளவரே மரம் நடுவர்.

அவ்வுறுதி எப்போது வழங்கப்பட்டது? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. இரு மாற்றங்களிலும் லயத்து மண் லயத்தவருக்குச் சொந்தமாகவில்லை. பின்னர் வந்த வீடமைப்புத் திட்டங்கள் பேசிய ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடும் அதற்குள்ளேயே அடங்கும். எஞ்சும் துண்டில் மரவள்ளியை நடுவதா, வண்ணத்துப்பூச்சிக்குக் கொடி நடுவதா என்று உபதேசிகளே கூறட்டும்.

தேயிலை கைவிடப்பட்டுப் பற்றைக்காடாகிய சரிவுகளும் ஓடைக்கரைகளும் தோட்டங்களுள் உள்ளன. அவற்றில் ஒரு பங்கை உறுதிப்பத்திரத்துடன் தொழிலாளர் குடும்பங்களுக்கு வழங்குமாறு கோருவதே இயற்கையில் அக்கறையுள்ளோர் முதலிற் செய்யவேண்டியது. செடிகளின் பட்டியலை அதன்பின் அச்சிடலாம்.