முதலில் இன்ச் டேப், அப்புறம் சாப்ட்வேர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கேம் ஒன்று தயாரிக்க வேண்டும். அதில் வரும் தெரு, வீடு, கோட்டை எல்லாம் அமைக்க எந்த சாப்ட்வேர் நல்லது?" நியாயமான கேள்விதான். ஆனால் கேட்கிறவர்களில் பலர் பதிலையும் ஒரு பென் டிரைவில் கையோடு கொண்டு வந்துவிடுகிறார்கள்.

மந்தைவெளியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனும் அப்படித்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அப்பா தவணையில் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். நண்பன் கொடுத்த பென் டிரைவில் விலை உயர்ந்த மாடலிங் சாப்ட்வேர் ஒன்றின் திருட்டுப் பிரதி இருந்தது. இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்ட்டி வைரஸ் புரோகிராமை நிறுத்திவிடவும் என்று அதனுடன் ஒரு குறிப்பு. பையன் நிறுத்தினான். மூன்றாம் நாள் ஹார்ட் டிஸ்க்கையே பார்மட் செய்ய வேண்டியதாயிற்று. அக்காவின் கல்யாணப் போட்டோக்கள் அதில்தான் இருந்தன. வேறெங்கும் காப்பி எடுத்து வைக்கவில்லை. அன்று அந்த வீட்டில் நடந்ததை இங்கே எழுத வேண்டாம்.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். வீட்டில் தொடங்குபவருக்கு பிளெண்டர் போதும். வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

3டிஎஸ் மேக்ஸ், மாயா இரண்டும் சிறந்தவை என்பதில் சந்தேகமில்லை. பெரிய ஸ்டூடியோக்களில் வேலைக்குப் போகிறவர்கள் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016ல் ஒரேயடியாக விலைக்கு விற்பதை நிறுத்திவிட்டு, சந்தா முறைக்கு மாறிவிட்டது. தகுதியுள்ள மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் அதில் செய்ததை விற்கக் கூடாது. ஸ்கெட்ச்அப் மிக எளிது. ஒரே நாளில் வீடு கட்டிவிடலாம். ஆனால் இன்று இலவசமாகக் கிடைப்பது பிரவுசரில் இயங்கும் பதிப்பு. அதுவும் சொந்த உபயோகத்திற்கு மட்டும்.

பிளெண்டரின் கதை வேறு. அதை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, அதை உருவாக்கிய டான் ரூசெண்டால் 2002ல் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ சேர்ந்தது. அந்தப் பணத்தைக் கொடுத்து மூல நிரலை மீட்டு, அதே ஆண்டு அக்டோபரில் எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். அதில் நீங்கள் செய்வது உங்களுடையது. விற்கலாம், யாரையும் கேட்க வேண்டாம்.

"இலவசம் என்றால் தரம் இருக்குமா?" என்று பையனின் அப்பா கேட்டார். 2025ல் சிறந்த அனிமேஷன் படத்திற்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற 'ப்ளோ' என்ற லாட்வியப் படம் முழுக்க பிளெண்டரில் செய்யப்பட்டது என்று சொன்னேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

கேமை இயக்கும் எஞ்சினுக்கும் இதே கணக்குதான். 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், கேம் இன்ஸ்டால் ஆகும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் என்று திடீரென அறிவித்தது. உலகம் முழுவதும் எதிர்ப்பு கிளம்பி, அடுத்த ஆண்டு அதைக் கைவிட்டார்கள். அப்போது பலர் கோடோ பக்கம் போனார்கள். 2014 முதல் திறந்த மூல நிரலாக, இலவசமாகக் கிடைக்கும் எஞ்சின் அது. பிளெண்டரில் செய்ததை ஜிஎல்டிஎஃப் என்ற பார்மட்டில் எக்ஸ்போர்ட் செய்தால் கோடோ அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

சாப்ட்வேர் விஷயம் இத்தோடு முடிந்தது. உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. பையன் முதலில் கட்டத் தொடங்கியது ஓர் ஐரோப்பியக் கோட்டை. கதவு எவ்வளவு உயரம், படி எவ்வளவு அகலம் என்று கேட்டால் பதில் இல்லை. அவன் கோட்டையைப் பார்த்ததே இல்லையே! கேமில் நடந்து பார்த்தால் ஆள் எறும்பு மாதிரி இருந்தான். கோட்டையை மூடிவிட்டு இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வா என்றேன்.

பிளெண்டரில் ஒரு யூனிட் என்பது ஒரு மீட்டர். கோடோவிலும் அப்படியே. வீட்டுக் கதவு ஏழடி என்றால் சுமார் 2.1 மீட்டர். தெருவில் நிற்கும் ஆட்டோ சுமார் 2.6 மீட்டர் நீளம், 1.3 மீட்டர் அகலம். முதலில் இந்த அளவில் வெறும் பெட்டிகளைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் 1.7 மீட்டரில் ஓர் ஆள் பெட்டியும் நிற்கட்டும். அதன் பிறகு கட்டும் எதுவும் அளவு தப்பாது. பெட்டியை இழுத்துப் பெரிதாக்கியிருந்தால் கன்ட்ரோல் ஏ அழுத்தி, ஸ்கேல் என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் எஞ்சினுக்குள் போனதும் மோதல் கணக்கு தகராறு செய்யும்.

மந்தைவெளியில் மாடலிங் பழக மிகச் சிறந்த இடம் எது தெரியுமா? பறக்கும் ரயில். திருமயிலையிலிருந்து திருவான்மியூர் வரை 2004ல் நீட்டிக்கப்பட்ட பாதை, பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டித் தூண்கள் மேலேயே செல்கிறது. நின்று பாருங்கள். ஒரு தூண், அதன் மேல் ஒரு பாலத்துண்டு, கைப்பிடிச் சுவர். இவையே திரும்பத் திரும்ப வருகின்றன. இந்த மூன்றை மட்டும் செய்தால் போதும், மீதியெல்லாம் நகல்.

நகல் எடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஷிப்ட் டி அழுத்தினால் தனி நகல் வரும். ஒவ்வொன்றும் தனித்தனியாக இடத்தை அடைக்கும். ஆல்ட் டி அழுத்தினால் எல்லா நகல்களும் ஒரே வடிவத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஒரு தூணில் விரிசல் வரைந்தால் ஐம்பது தூணிலும் விரிசல் வந்துவிடும். அர்ரே என்ற வசதியிலும் வரிசையாக நகல் எடுக்கலாம், வேகமானது. ஆனால் எக்ஸ்போர்ட் செய்யும்போது ஐம்பது தூணும் ஒட்டி ஒரே பெரிய பொருளாகிவிடும். திரையில் ஒரு தூண் தெரிந்தாலும் ஐம்பதையும் கிராபிக்ஸ் கார்டு சுமக்க வேண்டியிருக்கும். சினிமாவில் ஒரு பிரேமை வரையப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். கேமில் ஒரு விநாடிக்கு 60 முறை வரைய வேண்டும். சிக்கனம் இதற்காகத்தான்.

அடுத்து பையன் ஆசைப்பட்டது கபாலீஸ்வரர் கோயில் கோபுரம். சுமார் 120 அடி உயரம், ஏழு நிலை, ஒவ்வொரு நிலையிலும் நெருக்கியடித்துக்கொண்டு சுதைச் சிற்பங்கள். ஒவ்வொரு பொம்மையையும் செதுக்க உட்கார்ந்தால் பட்டப்படிப்பே முடிந்துவிடும், கம்ப்யூட்டரும் திணறிவிடும். கோபுரம் தெருக்கோடியில் தெரியப்போகிறதா, விளையாடுபவர் அருகில் போவாரா? தூரத்தில் என்றால், அடுக்கடுக்காக ஏழு எளிய வடிவங்கள், அவற்றின் மேல் போட்டோவிலிருந்து எடுத்த டெக்ஸ்சர். அவ்வளவுதான். போட்டோவை உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். போட்டோவில் விழுந்த நிழல் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கேமில் சூரியன் வேறு பக்கம் இருக்கும். மேகமூட்டமான காலைப்பொழுதுதான் நல்லது. (சென்னையில் அதற்குக் காத்திருக்க வேண்டும், தெரியும்.)

"நம்ம தெருவை யார் சார் விளையாடுவாங்க?" என்று பையன் கேட்டான். டொரொண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023ல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் நடக்கிறது. அதில் இட்லி வேகிறது. முப்பரிமாணம் கூட இல்லை, கையால் வரைந்த படங்கள். 2024ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது பெற்றது. 2020ல் வந்த புனே கேம் 'ராஜி', ராஜஸ்தான் கட்டடக்கலையைப் பார்த்து அமைக்கப்பட்டது. கோட்டைதான், ஆனால் நம் நாட்டுக் கோட்டை. தெரிந்த இடத்தைச் செய்தவர்கள்தான் வெளியே தெரிந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணி வந்த பிறகு ஆர்.கே. மடம் சாலையின் முகமே மாறிவருகிறது. நாற்பது வருடம் பார்த்த கடை எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தால் எனக்கே பெயர்ப்பலகையின் நிறம் வரவில்லை. இன்று அளந்து வைக்கிற தெரு பத்து வருடம் கழித்து அந்தப் பையனிடம் மட்டும்தான் இருக்கும்.

பிளெண்டர் வாங்கப் பணம் வேண்டாம், ஆனால் நடுவில் சுருள் சக்கரம் உள்ள மவுஸ் ஒன்று அவசியம் வாங்கவும். லேப்டாப்பின் டச்பேடை வைத்துக்கொண்டு மாடலிங் பழகுவது வீண் கஷ்டம். வலப்பக்கம் எண் விசைகள் இல்லாத கீபோர்டு என்றால், எடிட் மெனுவில் பிரிபரன்சஸ் சென்று, இன்புட் பகுதியில் எமுலேட் நம்பேட் என்ற இடத்தில் டிக் அடையாளம் ஏற்படுத்தவும். உங்கள் கம்ப்யூட்டர் பழசு என்றால் பிளெண்டரின் பழைய பதிப்புகளும் அதன் தளத்திலேயே கிடைக்கின்றன. செய்ததை வாரம் ஒருமுறை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வைக்கவும்.

பையன் இதுவரை பதினோரு தூண் நிறுத்தியிருக்கிறான். கால்வாய்த் தண்ணீருக்கு என்ன நிறம் கொடுப்பது என்பதில் மட்டும் அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.